முப்பத்தெட்டு நிமிட முன்னுரை

காது பரிசோதிக்கும் வேலையில் பதினேழு வருடம் இருப்பவனுக்குப் பேசாமல் இருப்பது கைவந்த கலையாக இருக்க வேண்டும். அவனுக்கும் இருந்தது, திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தடித்த கதவு போட்ட சின்ன அறைக்குள், நோயாளி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் இவன் குமிழைத் திருகி மெல்லிய ஒலி ஒன்றை அனுப்புவான். கேட்டால் அவர் கையில் இருக்கும் பொத்தானை அழுத்துவார். கேட்காவிட்டால் சும்மா இருப்பார். அதுவரை இவன் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் காத்திருக்க வேண்டும். புருவம் தூக்கினாலே நோயாளி உஷாராகிவிடுவார் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். பதினேழு வருடத்தில் இவன் புருவம் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை.

சனி, ஞாயிறுகளில் கதை வேறு. அந்த இரண்டு நாளும் அவன் பேட்டிக்காரன். அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்வான், வேறு யாரும் சொல்லாததால். ராப் எழுதுகிறவர்கள், அதற்குத் தாளம் கட்டுகிறவர்கள், ஒரு பழைய கேசட் கடைக்காரர், மேடைக்கு விளக்குப் போட்டவர் என்று நாற்பத்தொரு பேரைப் பேட்டி எடுத்து இணையத்தில் ஏற்றியிருந்தான். பார்த்தவர்கள் எண்ணிக்கை எப்படியோ நூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றுவிடும். அதில் ஒன்பது அவனேதான். ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் போய், அப்படியே தன் கேள்விகளை ரசித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

பேட்டி எடுப்பதைப் பற்றி அவனுக்குக் கொள்கை உண்டு. ‘கேட்டுவிட்டு விலகி நில்’ என்பது அந்தக் கொள்கை. ரசிகர் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் அந்தத் தலைப்பில் உரை நிகழ்த்தினான். ஐம்பது நிமிடம். கடைசியில் யாரும் கேள்வி கேட்க நேரம் இல்லாமல் போனது.

ரசிகர் குழு என்றால் மூச்சுக்காரரின் ரசிகர் குழு. முப்பது வருடமாக ராப் எழுதிப் பாடும் அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்ததே ரசிகர்கள்தான். பதினாறு வரியை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தண்ணீர் குடிப்பார். பத்தொன்பது வயதில், பிழைக்க வந்த ஊரில், நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு இவன் முதன்முதலாகக் கேட்டது இந்த இரண்டு வரி:

வீடும் வாடகை, வேலையும் வாடகை,
வாய் ஒண்ணுதான் சொந்தம், அதையும் மூடச் சொல்றான்.

இறங்க வேண்டிய நிறுத்தம் போனது தெரியாமல் கடைசி வரை போய்விட்டான். பிறந்த மொழியில் பள்ளிக்கூடமும் பிழைக்க வந்த மொழியில் கல்லூரியுமாகப் படித்தவன் அவன். இரண்டிலும் வாயைத் திறக்கும் முன் மனதுக்குள் ஒருமுறை திருத்திப் பார்ப்பான். திறந்த பிறகு, சொன்னது சரிதானா என்ற பயத்தில் அதையே இன்னொரு விதமாகச் சொல்வான். அதற்கும் விளக்கம் தேவைப்படுமோ என்று தோன்றும். அப்படிப்பட்டவனுக்கு, திருத்தாமல், மூச்சு விடாமல், தன் மொழியில் தடதடவென்று ஒரு மனிதர் பேசிக்கொண்டே போனால் எப்படி இருக்கும்.

அந்த மூச்சுக்காரர் ஐந்து வருடமாக யாருக்கும் பேட்டி கொடுக்கவில்லை. போன வருடம் அவர் அக்கா மகள் வீட்டோடு இந்த ஊருக்கே குடிவந்துவிட்டார் என்று தெரிந்த நாளிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா மகளுக்குப் பதினொரு கடிதம் அனுப்பினான். பன்னிரண்டாவதுக்குப் பதில் வந்தது: “மாமா ஒரு மணி நேரம் தருவாராம். ஞாயிறு ரெண்டு மணி. அமைதியான இடமா இருக்கணும்.”

அவனுக்குத் தெரிந்ததிலேயே அமைதியான இடம் வேலை செய்யும் இடம்தான். டாக்டரம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டான்.

அவன் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. சனிக்கிழமை முழுக்க, காது வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில் அவன் கேள்வி எழுதுவதையும் கிழிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொத்தம் எத்தன கேள்வி?”

“ஆறுதான்.”

“ஆறு கேள்விக்கு எதுக்குங்க இருபத்தி மூணு தாளு?”

“பின்னணி வேண்டாமா? சும்மா போய் ‘எப்படி எழுதுறீங்க’ன்னு நிக்க முடியுமா அவர் முன்னாடி?”

“அவருக்கு அவரோட பின்னணி தெரியாதா?”

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. ஆனால் கொஞ்சம் நீளம். அதற்குள் அவள் அடுத்த மாணவிக்குப் பாடம் எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

ஞாயிறு மதியம் பரிசோதனை நிலையத்தின் முன்னறையில் கேமராவை வைத்துப் பார்த்தபோது பின்சுவர் இடைஞ்சலாக இருந்தது. அங்கே ஒரு சுவரொட்டி. ‘உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காது கேட்கவில்லையா? ஐந்து அடையாளங்கள்.’ அதைத் தமிழில் எழுதியவன் அவன்தான். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்ப்பது. புரிந்ததுபோல் சிரித்துத் தலையாட்டுவது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது. இன்னும் இரண்டு. கீழே வீட்டாருக்கு அறிவுரை: முகம் பார்த்துப் பேசுங்கள், வாயை மறைக்காதீர்கள், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். படம் அழகாக வர வேண்டும் என்று அதைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் சொருகினான்.

மூச்சுக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அறுபத்தொரு வயது, வெளுத்த சட்டை, செருப்பு. இவன் நினைத்ததைவிடக் குள்ளம். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இவன் பஞ்சு உருண்டை போட்ட பெரிய மைக்கை வாய்க்கு முன் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், தாளைப் பார்த்து முதல் கேள்வியை ஆரம்பித்தான். முதல் கேள்வி ஏழு நிமிடம் ஓடியது. நடுவில் இரண்டு முறை “அதாவது” என்றும், மூன்று முறை “வேறு விதமா சொன்னா” என்றும் சொன்னான்.

மூச்சுக்காரர் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். இவன் நிறுத்தியதும் சொன்னார்.

“எங்கப்பா அச்சாபீஸ்ல வேல பாத்தாரு. அந்த மெஷின் சத்தம்தான் எனக்கு முதல் தாளம்.”

கேட்டது, மூன்றாவது ஆல்பத்தில் வரும் பெண்குரலைப் பற்றி. இவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கிருந்து எங்கே கொண்டுபோய் இணைக்கிறார் மனிதர். இரண்டாவது கேள்விக்கு, யாரையும் பார்த்துத் தான் எழுதக் கற்கவில்லை என்றார். மூன்றாவதுக்கு, புதிதாக எழுத வருகிறவர்கள் முதலில் நிறையக் கேட்க வேண்டும் என்றார். நான்கும் ஐந்தும் அப்படியே. ஆறாவது கேள்வி முடிந்தபோது அவர் ஒன்றுமே சொல்லவில்லை. இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் நிமிடம், அரை நிமிடம். பிறகு, “நல்ல கேள்வி,” என்று எழுந்து கைகுலுக்கினார்.

அன்று சாயங்காலமே அந்தக் கடைசிப் பகுதியை, குழுவை நடத்தும் நண்பனுக்கு அனுப்பினான். நண்பன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இவனுக்கும் முன்னால் மூச்சுக்காரரைக் கண்டுபிடித்தவன் தானே என்று இருபது வருடமாகச் சொல்லி வருபவன்.

“மச்சான், அந்த மௌனம் இருக்கே. நான் லிஃப்டுக்கு மேல உக்காந்து பாத்தேன், எறங்கவே தோணல. குழுவுல போட்டுட்டேன், நானூறு பேரும் அதையே பேசிட்டு இருக்காங்க. ‘பதில் சொல்லாததுதான் பதில்’னு ஒருத்தன் எழுதியிருக்கான்.”

“முழுசும் வந்தா இன்னும் இருக்கு.”

“வெள்ளிக்கிழமைன்னு அறிவிச்சுட்டேன்.”

திங்கள் மாலை மனைவியும் அவனும் உட்கார்ந்து முழுதும் பார்த்தார்கள். அவள் கையில் கைபேசி. யார் பேசினாலும் அதில் நேரம் குறித்துக்கொண்டே வந்தாள். படம் முடிந்ததும் கணக்கைச் சொன்னாள்.

“அவரு பதினோரு நிமிஷம். நீங்க முப்பத்தெட்டு.”

“இருக்காது.”

“என் பக்கம் ஒரு பிரேக் இருந்திருந்தா முத நிமிஷத்துலயே மிதிச்சிருப்பேன். அது கெடக்கட்டும். அவரு ஏன் எல்லாத்துக்கும் இடது கன்னத்தையே காட்டுறாரு?”

அவன் எழுந்து போய் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் குரலை ஒதுக்கிவிட்டு, வேலை நாளில் கேட்பதுபோல் முதலிலிருந்து கேட்டான், பார்த்தான். நாற்காலியைத் திருப்பிப் போட்டது. தலையைச் சாய்த்தது. இவன் மைக்கை இறக்கும்போதெல்லாம் அவர் கண் இவன் உதட்டுக்குப் போனது. புன்னகை. தலையாட்டல். ஒவ்வொரு பதிலுக்கும் கேள்விக்கும் ஏழாம் பொருத்தம். அலமாரிக்குப் பின்னால் சொருகி வைத்த சுவரொட்டியை அவர் எதிரில் உட்கார்ந்து வரிக்கு வரி நடித்துக் காட்டியிருக்கிறார். அதை எழுதியவன் தாளிலிருந்து தலையே தூக்கவில்லை.

“பதினேழு வருஷம்,” என்றான் மனைவியிடம்.

“கண்ணாடியே பாக்காம ஓட்டுற என் மாணவிங்ககூடக் கண்டுபிடிச்சிருப்பாங்க,” என்றாள் அவள். பிறகு கொஞ்சம் தணிந்து, “அவருக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

தெரியாமலா நாற்காலியைத் திருப்பினார். தொலைபேசியில் கூப்பிட்டுப் பயனில்லை என்பதால், அக்கா மகளிடம் எண் வாங்கி அவருக்கே செய்தி எழுதினான். ஏழு முறை எழுதினான். ஏழாவதில் மிஞ்சியது இவ்வளவுதான்: “அண்ணே, ஒருமுறை வாங்க. இந்தத் தடவை நான் பேசமாட்டேன். காதையும் பாத்துடலாம்.” அனுப்பிவிட்டு, இத்தனை வருட ரசிகன் தன் தெய்வத்திடம் சொன்ன வாக்கியம் ‘காதையும் பாத்துடலாம்’தானா என்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

பதில் உடனே வந்தது. “சரி. கேமரா வேண்டாம்.”

புதன்கிழமை மதிய இடைவேளையில் வந்தார். இவன் வழக்கம்போல் விவரங்களை எழுதி, கையெழுத்து வாங்கி, கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, பொத்தானைக் கையில் கொடுத்தான். கேட்கும்போது மட்டும் அழுத்த வேண்டும் என்று முகம் பார்த்துச் சொன்னான். கதவைச் சாத்தினான்.

முதல் ஒலி. அழுத்தினார். இன்னும் மெல்லிய ஒலி. அழுத்தினார். அதைவிட மெல்லியது. அழுத்தினார். இவனுக்குக் குழப்பமாக இருந்தது. இருபது வயதுக்காரனுக்குக்கூட இப்படிக் கேட்காது. ஒருவேளை தான் நினைத்ததெல்லாம் தப்போ? அப்போதுதான் கவனித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வலது பாதம் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

ஒலிகளுக்கு இடையே நேரம் மாற்றி மாற்றி விட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. இவன் பதற்றத்தில் சீராக அனுப்பிக்கொண்டிருந்தான். நான்கு எண்ணினால் ஓர் ஒலி, நான்கு எண்ணினால் ஓர் ஒலி. தாளத்திலேயே வாழ்ந்த மனிதருக்கு அதைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இவன் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவர் அழுத்தினார். மறுபடி நான்கு. மறுபடி அழுத்தினார்.

கதவைத் திறந்தான்.

“அண்ணே, நான் ஒண்ணும் போடலியே.”

அவர் இவன் உதட்டைப் பார்த்தார். பிறகு பாதத்தைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

“மாட்டிக்கிட்டனா?”

இரண்டாவது முறை ஒழுங்காக எடுத்தார்கள். குறி கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைவு என்று அர்த்தம். வலது காதின் சிவப்பு வட்டங்கள் தாளின் அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்தன. இடது காதின் நீலக் குறிகள் பாதி வழியில் விழுந்தன. இவன் தாளை அவர் முன் வைத்தான். வைத்த கையோடு, கேட்கலாமா கூடாதா என்று மனதுக்குள் திருத்திப் பார்க்கும் முன்பே, இரண்டே சொல் வாயிலிருந்து வந்துவிட்டது.

“எப்ப தெரிஞ்சது?”

அதற்குப் பிறகு இவன் பேசவில்லை. புருவம்கூடத் தூக்கவில்லை. பழக்கம்.

மூச்சுக்காரர் நாற்பது நிமிடம் பேசினார். ஆறு வருடமாகிறதாம். மேடையில் கருவிகளின் சத்தத்தைச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகை அதிர்வில் வாங்கிக்கொள்வாராம். வெறுங்காலோடு ஆடுவது மண்ணுக்குச் செலுத்தும் மரியாதை என்று குழுவில் ஒரு கட்டுரை உண்டு. பேட்டிக்கென்று அவரிடம் ஐந்து பதில் தயாராக இருக்கிறதாம்.

“எல்லாரும் அதே அஞ்சுதான தம்பி கேப்பாங்க. அப்பா, குரு, புதுசா வர்றவங்க, இப்ப வர்ற பாட்டு, அடுத்து என்ன. வரிசையா சொல்லிட்டு எழுந்துருவேன். நீங்க ஆறாவது ஒண்ணு போட்டீங்க. கையில சரக்கு இல்ல. முடிச்சிட்டீங்களா இன்னும் இருக்கான்னும் தெரியல. அதான் உங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.”

அந்த மௌனம். பதில் சொல்லாததுதான் பதில்.

கடைசி ஆல்பத்தைப் பற்றியும் சொன்னார். அதில் மென்மையான சொற்கள் குறைந்து, இடிக்கிற சொற்களாக வந்து விழும். அதைப் பற்றி ‘இடிக்கும் சொற்களின் அரசியல்’ என்று பதினோரு பக்கம் எழுதியவன் இவன்தான். சமரசத்தை மறுக்கும் ஒலி என்று அடிக்கோடு போட்டிருந்தான்.

“ச, ஸ எல்லாம் எனக்குக் கேக்காம போச்சு. எழுதிட்டுப் படிச்சா பாதிச் சொல்லு காத்தா இருக்கு. ட, ற, ம இதெல்லாம் கேட்டுச்சு. கேக்குறத வச்சு எழுதுனேன்.”

அடிக்கோடு போட்டவன் தலை தானாகக் குனிந்தது. பதினோரு பக்கத்தைவிட அந்த ஒரு வரி பெரிதாக இருந்தது.

பேச்சு முடிந்து அவர் எழுந்தபோது இவன் கேட்டான்.

“இத யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களாண்ணே?”

“அக்கா மகளுக்குத் தெரியும். ஆறு மாசத்துல மூணு மேடை இருக்கு. காது கேக்காத கெழவன்னு தெரிஞ்சா, பாட்டக் கேக்க வரமாட்டாங்க, பரிதாபப்பட வருவாங்க. அது வேண்டாம். நீங்க இப்ப யாரு? பேட்டிக்காரரா, டாக்டரா?”

“ரெண்டும் இல்லண்ணே. டெக்னீஷியன்.”

“அப்ப நான் பேஷன்ட்.”

“ஆமாண்ணே.”

வாழ்நாளின் ஒரே நல்ல பேட்டி அப்படியே கோப்புக்குள் போய் அலமாரியில் பூட்டிக்கொண்டது. அந்த அலமாரியின் சாவியைப் பதினேழு வருடமாகக் கழுத்தில் மாட்டியிருப்பவனும் அவனே.

மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமைப் படம். வெள்ளிக்கிழமை அதை வெளியிட்டாக வேண்டும், நானூறு பேர் காத்திருக்கிறார்கள். வெளியிடாவிட்டால் ஏன் என்ற கேள்வி வரும். வியாழக்கிழமை நண்பன் கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். முழுப் படத்தையும் பார்த்துவிட்டுக் கணினியை இவன் பக்கம் திருப்பினான்.

“மச்சான், தப்பா நெனைக்காத. உன் கேள்வியெல்லாம் வெட்டிடலாம். திரையில ஒரு வரியா எழுத்துல போட்டுட்டு நேரா அவரு பதிலுக்குப் போயிடலாம். நீயும் தப்பிச்ச, பேட்டியும் தங்கமா இருக்கும்.”

சொன்னதோடு நிற்காமல் முதல் கேள்விக்குச் செய்தும் காட்டினான். திரையில் எழுத்து வந்தது: ‘மூன்றாவது ஆல்பத்தில் வரும் பெண்குரல் யாருடையது?’ உடனே மூச்சுக்காரர் சொன்னார்: “எங்கப்பா அச்சாபீஸ்ல வேல பாத்தாரு.”

நண்பன் தலையைச் சொறிந்தான். “என்னடா இது, சம்பந்தமே இல்லாம…”

இவன் திரையை இன்னொருமுறை பார்த்தான். அதே நொடியில் விஷயமும் விளங்கியது. ஏழு நிமிடம் சுற்றி வளைத்துக் கேட்டால், கடைசியில் என்ன கேட்டான் என்பது கேட்டவனுக்கே தெரியாது. அதற்குப் பிறகு என்ன பதில் வந்தாலும் பொருந்தும். கேள்வி ஒரு வரியாகிவிட்டால் நானூறு பேருக்கும் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த மனிதரின் ரகசியத்தை இப்போது மூடி நிற்பது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், இவனுடைய வளவளப்பு.

“வெட்டக் கூடாது,” என்றான்.

“ஏன்டா?”

“என் கேள்விகளுக்குன்னு ஒரு கட்டுமானம் இருக்கு.”

“முப்பத்தெட்டு நிமிஷம்டா.”

“ஒரு நொடிகூட வெட்டக் கூடாது.”

“உன் கொரல் மேல உனக்கு இவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு,” என்று நண்பன் கணினியை மூடினான். மனைவி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புதன்கிழமை என்ன நடந்தது என்று அவளிடமும் அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நண்பன் போனதும் தட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகச் சோறு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை படம் வெளியானது. ஞாயிறுக்குள் பதினாறாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அவன் வாழ்க்கையில் இதுவரை நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டாத எண். ‘அவ்வளவு பேச்சுக்கு நடுவில் அந்த மகான் காத்த பொறுமையைப் பாருங்கள்’ என்றார்கள். ‘கேள்வி கேட்பவரை யாராவது வெளியே கூட்டிப்போங்கள்’ என்றார்கள். ஒருவர் அவனது “அதாவது”க்களை மட்டும் வெட்டி ஒட்டி, தாளம் போட்டுப் பாட்டாகவே ஆக்கிவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை முதல் குழுவில் அவனுக்கு ‘முன்னுரை’ என்று பெயர். “முன்னுரை அண்ணன் வர்றாரு, எல்லாரும் உக்காந்துக்கங்க” என்பார்கள். அந்த அண்ணன் ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். சில நாள் மதிய உணவின்போது, ‘உங்களுக்கு என்னடா தெரியும்’ என்று தொடங்கி மூன்று பத்தி தட்டுவான். தட்டியதை அழிப்பான். கைகழுவப் போவான்.

மூன்று வாரம் கழித்து காதுக் கருவி வந்தது. மூச்சுக்காரரும் வந்தார். இரண்டு காதிலும் பொருத்தி, கணினியோடு இணைத்து, ஒலியைச் சரிசெய்து கொடுத்தான். ஒரு வாரம் போட்டுப் பழகிவிட்டு மறுபடி வரச் சொன்னான்.

அடுத்த வாரம் வந்தவர் நாற்காலியைத் திருப்பிப் போடாமல் நேராக உட்கார்ந்தார்.

“நேத்து நம்ம பேட்டிய முழுசா பாத்தேன். இப்பதான் கேள்வியெல்லாம் கேக்குது.”

இவனுக்குக் காது மடல் சூடாகியது.

“கஷ்டம் தம்பி. நடுவுல ரெண்டு தடவ கருவியக் கழட்டி வச்சேன்.” சிரித்தார். “ஆனா ஆறாவது கேள்வி. கடைசி வரில கேட்டீங்க பாருங்க, எழுதி முடிச்சதும் மொதல்ல யாருக்குப் படிச்சுக் காட்டுவீங்கன்னு. அத மட்டும் கேட்டிருக்கலாமே.”

இவன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துக்கொண்டான்.

“யாருக்கும் இல்ல. கதவச் சாத்திக்கிட்டு எனக்கு நானே சத்தமா படிப்பேன். அது காதுல சரியா விழுந்தாத்தான் பாட்டு. ஆறு வருஷமா அது இல்ல. முந்தாநாளு ஒண்ணு எழுதினேன். கதவச் சாத்திட்டுப் படிச்சேன்.”

அவர் நிறுத்தினார். எப்படி இருந்தது, புதுப்பாட்டு எதைப் பற்றி, அதன் முதல் வரி என்ன, ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு ஒரு கவிஞன் தன் குரலைத் தானே சந்திக்கும் அந்தக் கணத்தை, அதாவது, வேறு விதமாகச் சொன்னால்… அத்தனையும் தொண்டை வரை வந்து நின்றன. இவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

“ச-வெல்லாம் திரும்பி வந்துருச்சு,” என்றார் மூச்சுக்காரர். “கொஞ்சம் அதிகமாவே வந்துருச்சு. பாம்பு மாதிரி சீறுது. கொறைக்க முடியுமா?”

“முடியும்ணே,” என்று கணினிப் பக்கம் திரும்பினான்.